நேர்முகத் தேர்வில் "நாங்கள்" என்று சொன்ன அக்காவுக்கு நான் போட்ட இரண்டு புள்ளி

வடலி, சிட்னி மேற்கு
செவ்வாய், இரவு 10.40

வணக்கம். வரும் வியாழன் மாலை மூன்று மணிக்கு நான் ஒருவரிடம் பேசியாக வேண்டும். அதற்குள் யாராவது வழி சொன்னால் நல்லது. விடயம் கொஞ்சம் நீளம். சுருக்கிச் சொல்ல எனக்கு எப்போதும் வராது.

நான் இங்கே ஒரு தனியார் வைத்தியசாலையில் தலைமைத் தாதி. யாழ்ப்பாணத்தில் பயிற்சி முடித்து 2010இல் வந்தவள். போன மாதம் பக்கத்து வார்டுக்குத் தலைமைத் தாதி ஒருவர் தேவைப்பட்டார். நேர்முகத் தேர்வில் மூன்று பேர் அமர்ந்தோம்: மேலாளர், மனிதவளப் பிரிவிலிருந்து ஒருவர், நான்.

விண்ணப்பித்தவர்களில் ஒருவர் என் வார்டிலேயே பதினொரு வருடமாக வேலை செய்பவர். விராஜுரி இனத்துப் பூர்வகுடிப் பெண், ஊர் டப்போ பக்கம். என்னைவிட ஆறு வயது மூத்தவர் என்பதால் இங்கே அக்கா என்றே எழுதுகிறேன். (அவர்களுக்குள்ளும் மூத்த பெண்களை வெறும் பெயர் சொல்லிக் கூப்பிடமாட்டார்கள், "ஆன்ட்டி" என்பார்கள். தனக்கு இன்னும் அந்த வயது வரவில்லை என்று அக்கா சிரிப்பார்.)

கேள்வி வழக்கமானதுதான்: கடினமான ஒரு சூழ்நிலையை எப்படிக் கையாண்டீர்கள்? அக்கா ஒரு இரவைப் பற்றிச் சொன்னார். வடமேற்கிலிருந்து இருதய நோயோடு வந்த ஒரு முதியவர், அவரும் பூர்வகுடி, இரவு இரண்டு மணிக்கு ஊசியைப் பிடுங்கிவிட்டு வீட்டுக்குப் போகிறேன் என்று எழுந்துவிட்டார். வைத்தியர் சொல் கேளாமல் போகிறவர்கள் கையெழுத்திடும் தாளை ஒருவர் எடுக்கப் போய்விட்டார். அக்கா வாதாடவில்லை. பெரிய விளக்கை அணைத்துவிட்டு ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டு அமர்ந்து, எந்த ஆற்றங்கரை, யார் பிள்ளை என்று விசாரித்திருக்கிறார். அந்த நேரத்தில் மருமகளைத் தொலைபேசியில் எழுப்பிப் பேச வைத்திருக்கிறார். கட்டிலை ஜன்னலோரம் தள்ளியிருக்கிறார்கள். விடிந்ததும் கிழவர் பரிசோதனைக்குச் சம்மதித்துவிட்டார்.

அக்கா சொன்ன கதையில் ஒரு இடத்திலும் "நான்" இல்லை. நாங்கள் விளக்கை அணைத்தோம், நாங்கள் அழைத்தோம், நாங்கள் தள்ளினோம். மேலாளர், "இதில் உங்கள் பங்கு என்ன?" என்று கேட்டார். அக்கா சற்று நேரம் மேசையைப் பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, "நாங்கள் ஐந்து பேர் இருந்தோம்" என்று தொடங்கி, கட்டில் தள்ளிய பையன், தரை துடைக்க வந்த பெண் வரை ஒவ்வொருவராகச் சொன்னார்.

எங்கள் கையில் இருந்த தாளில், தனிப்பட்ட பங்களிப்பைத் தெளிவாக விளக்கினால் நான்கு, பொதுப்படச் சொன்னால் இரண்டு என்று இருந்தது. நான் இரண்டு போட்டேன். மற்ற இருவரும் இரண்டு. வேறு வார்டிலிருந்து வந்தவர் "நான் திட்டமிட்டேன், நான் நடைமுறைப்படுத்தினேன்" என்று மணி அடித்தாற்போல் சொன்னார். நல்ல தாதிதான், குறை சொல்ல மாட்டேன். அவருக்குக் கிடைத்தது.

வீட்டுக்கு வந்து சோறு போடும்போதுதான் உறைத்தது. 2014இல் என் முதல் நேர்முகத்தில் நானும் இதே இடத்தில்தான் விழுந்தேன். பென்டில் ஹில்லில் இருக்கும் ஒரு சிநேகிதி பிறகு இரண்டு சனிக்கிழமை என்னை அடுப்படியில் இருத்தி "நாங்கள்" சொன்னால் கரண்டியால் மேசையில் தட்டினாள். அப்படித்தான் பதவி வாங்கினேன். அந்தக் கரண்டி இப்போது என் கையில் இருக்கிறது.

இன்னொன்றும் இருக்கிறது. அக்காவின் விடுமுறைப் பதிவைப் பார்த்த மேலாளர், "நம்பகத்தன்மை" என்று ஓரத்தில் எழுதினார். போன வருடம் அக்கா மூன்று செத்தவீட்டுக்கு ஊர் போனார். போக மட்டும் ஐந்து மணி நேரக் கார் ஓட்டம். அதில் ஒன்று அவருடைய அம்மாவின் தங்கை. சட்டப்படி நெருங்கிய குடும்பத்தவர் இறந்தால்தான் துக்க விடுமுறை, அதுவும் இரண்டு நாள். அம்மாவின் தங்கை அந்தப் பட்டியலில் இல்லை. ஆனால் அக்கா அவரை அம்மா என்றுதான் அழைத்தார், அவர்கள் முறையில் அம்மாவின் சகோதரி அம்மாதான். இதைக் கேட்டு மேலாளர் வியந்தார், எனக்கு வியக்க ஒன்றுமில்லை. எங்களுக்கும் அவர் சின்னம்மா அல்லவா? சின்னம்மாவின் பிள்ளை எனக்குச் சகோதரம், மாமாவின் பிள்ளை மச்சாள். பல பூர்வகுடிகளிடமும் இந்தக் கணக்கு இதேபோலத்தான் ஓடுகிறது. சின்னம்மா செத்தால் எங்கள் ஊரில் துடக்கு, எட்டு, அந்தியேட்டி என்று ஒரு மாதம் போகும். இரண்டு நாளில் யார் திரும்பி வருவார்?

இப்போது கேள்வி. எங்கள் நிறுவனம் பூர்வகுடி மக்களோடான நல்லிணக்கச் செயற்திட்டம் ஒன்று எழுதுகிறது. அதற்கான குழுவில் அக்காவைச் சேர்க்க, வியாழன் நடக்கும் பேச்சிலேயே நான் சம்மதம் வாங்க வேண்டுமாம். "பதவி கிடைக்காததற்கு ஒரு ஆறுதலாக இருக்கும்" என்கிறார் மேலாளர். ஏற்கெனவே ஒவ்வொரு கூட்டத் தொடக்கத்திலும் நிலத்துக்குரியவர்களை வணங்கும் வாசகத்தை வாசிக்க அக்காவைத்தான் எழுப்புகிறார்கள். ஒருமுறை நாட்டுக்கு வரவேற்கும் சடங்கையே செய்யச் சொன்னார்கள். அது அந்த மண்ணுக்குரியவர் மட்டும் செய்வது. இங்கே மண் தாருக் மக்களுடையது, அக்கா விராஜுரி. மட்டக்களப்புக் கோயில் திருவிழாவில் யாழ்ப்பாணத்தாளை நிறுத்தி ஊர்ப் பெரியவர் நீதான் என்று பரிவட்டம் கட்டினால் எப்படி இருக்கும்! அக்கா மறுத்தபோது, ஒத்துழைக்கவில்லை என்று பேச்சு வந்தது.

நான் என்ன சொல்ல வேண்டும்? புள்ளி போட்டது நானும்தான் என்று சொல்லிவிடலாமா? மீண்டும் விண்ணப்பிக்கச் சொல்லி, என் சிநேகிதி எனக்குச் செய்ததுபோல "நான்" பழக்கிவிடலாமா?

*

கணக்குப்பிள்ளை, மெல்பேர்ண்
புதன், காலை 7.15

வடலி, நீங்கள் உங்களை அதிகம் வருத்திக்கொள்கிறீர்கள். எல்லோருக்கும் ஒரே கேள்வி, ஒரே அளவுகோல். அதுதானே நியாயம்? நானும் இந்த நாட்டுக்கு வந்து ஏழு தடவை நேர்முகத்தில் தோற்று எட்டாம் தடவை வென்றவன். என் நிறத்துக்காக யாரும் ஒரு புள்ளி கூட்டவில்லை. விளையாட்டின் விதி "நான்" என்றால் "நான்" என்று சொல்லப் பழக வேண்டியதுதான். நீங்கள் பழகினீர்கள், அவரும் பழகலாம். பதவிக்கு வந்தபின் விதியை மாற்றட்டும்.

குழுவில் சேர்ப்பது நல்ல விடயம் என்றே நினைக்கிறேன். அவர் இல்லாமல் அதை யார் எழுதுவது? வெள்ளைக்காரரும் நாங்களுமா?

*

செம்மண், ஆலிஸ் ஸ்பிரிங்ஸ்
புதன், மதியம் 1.05

கணக்குப்பிள்ளை அண்ணன் எட்டாம் தடவை வென்றதில் மகிழ்ச்சி. ஆனால் நீங்களும் நானும் விமானத்தில் வந்து இறங்கியவர்கள். இங்கே வேலை வேண்டும் என்று நாமே விண்ணப்பித்தோம். வடலி அக்கா சொல்லும் பெண் எங்கிருந்தும் வரவில்லை. இரண்டையும் ஒரே தராசில் வைத்தால் முள் அசையாது, தராசுதான் உடையும்.

மதுரைக்காரி நான். சமூகப் பணியாளராக இங்கே பன்னிரண்டு ஆண்டுகள். வந்த புதிதில் நானும் "இந்தப் பெண்களுக்குத் தலைமைப் பயிற்சி கொடுக்கலாம்" என்று ஒரு கோப்பு தயாரித்தேன். இப்போது நினைத்தால் கூச்சமாக இருக்கிறது. ஏனென்றால் நான் கோப்பு தயாரித்த அதே ஊரில்தான் என்பிஒய் பெண்கள் மன்றத்தின் அலுவலகம் இருக்கிறது. நங்கானியாஜாரா, பிஜன்ஜாஜாரா, யங்குனிஜாஜாரா பெண்களின் அமைப்பு அது. 1970களின் இறுதியில் தெற்கு ஆஸ்திரேலியாவில் நில உரிமைப் பேச்சு நடந்தபோது ஆண்களைக் கேட்டார்கள், பெண்களை யாரும் கேட்கவில்லை. கேட்காவிட்டால் என்ன என்று 1980இல் பெண்கள் தாங்களே மன்றம் கட்டிக்கொண்டார்கள். மூன்று மாநில எல்லைகளில் விரியும் 3,50,000 சதுர கிலோமீட்டர் பாலை நிலம் அவர்களுடைய வேலைப் பரப்பு. நம் தமிழ்நாட்டைப்போல இரண்டரை மடங்குக்கும் மேல். பெட்ரோலை முகர்ந்து பிள்ளைகள் அழிந்துகொண்டிருந்தபோது, போதை தராத எரிபொருளைக் கொண்டுவரச் சொல்லி அரசை விடாமல் நச்சரித்தவர்களில் இந்தப் பெண்கள் முக்கியமானவர்கள். 1995இல் இதே மன்றத்தின் கீழ் புல் பின்னும் வேலை தொடங்கியது. 2005இல் புல்லிலேயே முழு அளவு டொயோட்டா வண்டி ஒன்றைப் பின்னி, நாட்டின் பெரிய பூர்வகுடிக் கலைப் பரிசை வாங்கினார்கள். இவர்களுக்கு நான் தலைமை கற்றுக்கொடுக்கப் போனேன்!

இங்கே "மல்பரரா" என்று ஒரு வழக்கு உண்டு. மல்பா என்றால் தோழமை. ஒரு வேலையை உள்ளூர்ப் பெண் ஒருத்தியும் வெளியிலிருந்து வந்த ஒருத்தியும் இணையாகச் செய்வது. எனக்கு இணையாக இருந்த அம்மாள் ஒரு கூட்டத்தில் இரண்டு மணி நேரம் வாயே திறக்கவில்லை. கடைசியில் நான்கு வார்த்தை சொன்னார், கூட்டம் அத்தோடு முடிந்தது. எல்லோரும் எழுந்து போய் அதைச் செய்தார்கள். உங்கள் தாளில் அதற்கு எத்தனை புள்ளி? நேர்முகத்தில் அந்த அக்கா மேசையைப் பார்த்துக்கொண்டிருந்த நேரமும் அப்படித்தான் இருந்திருக்கும். எல்லோரும் ஒன்றுபோல என்று சொல்ல வரவில்லை, விராஜுரி வேறு, இங்குள்ளவர்கள் வேறு. ஆனால் கேட்டவுடன் பதில் சொல்வது மரியாதைக் குறைவு என்று நினைப்பவர்களை நான் நிறையப் பார்த்திருக்கிறேன்.

சரி, வியாழக்கிழமைக்கு வருகிறேன். குழு விடயத்தை அன்று எடுக்கவே எடுக்காதீர்கள். அடி கொடுத்த கையோடு வேலையும் கொடுப்பது அது. 2020இல் சிட்னித் தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்தின் ஜம்புன்னா நிலையம் ஆயிரத்துக்கும் மேற்பட்ட பூர்வகுடி ஊழியர்களிடம் கேட்டு "காரி யாலா" என்ற அறிக்கையை வெளியிட்டது. பூர்வகுடி என்ற ஒரே காரணத்துக்காகத் தலையில் விழும் கூடுதல் வேலையைப் "பண்பாட்டுச் சுமை" என்கிறார்கள். 39 சதவீதத்தினர் அந்தச் சுமை தங்களுக்கு அதிகம் என்று சொன்னார்கள். வாசகம் வாசிப்பது, விழாவுக்குக் கொடி கட்டுவது, மற்றவர் சந்தேகம் தீர்ப்பது, யாராவது முட்டாள்தனமாகப் பேசினால் அவரையே ஆறுதல்படுத்துவது எல்லாம் இதில் சேர்த்தி. சம்பளத் தாளில் இதற்கு வரி கிடையாது. குழுவில் அவர் வேண்டும் என்றால் மேலாளரே முறையாகக் கேட்கட்டும். வாரத்துக்கு இத்தனை மணி நேரம், அந்த நேரம் வார்டில் மாற்று ஆள், குழுவின் முடிவு செல்லுபடியாகும் என்ற உறுதி, இவை எழுத்தில் வரட்டும். மறுத்தால் பதிவேட்டில் ஏறக்கூடாது.

"காரி யாலா" எந்த மொழி தெரியுமா? விராஜுரி. உண்மையைப் பேசு என்று பொருள். ஆக, புள்ளி போட்டேன் என்று சொல்லலாமா என்ற உங்கள் கேள்விக்கு அந்த அக்காவின் பாஷையிலேயே பதில் இருக்கிறது.

"நான்" பழக்குவது பற்றி: அவர் கேட்டால் சொல்லிக்கொடுங்கள். கேட்காமல் கரண்டியை எடுக்காதீர்கள்.

கணக்குப்பிள்ளை அண்ணனுக்கு இன்னும் ஒன்று. 1975ஆம் ஆண்டு இனப் பாகுபாட்டுச் சட்டத்திலேயே சிறப்பு நடவடிக்கைக்கு இடம் இருக்கிறது, எட்டாம் பிரிவு. பூர்வகுடியினருக்கென்றே ஒரு பதவியை விளம்பரப்படுத்துவது சலுகை அல்ல, சட்டம். இட ஒதுக்கீட்டு மாநிலத்திலிருந்து வந்த நானே இதை உங்களுக்கு எழுத வேண்டியிருக்கிறது.

*

பழைய தாதி, அடிலெய்ட்
புதன், இரவு 9.30

வடலி மகளே, எனக்கு எழுபத்தாறு வயது. ஓய்வு பெற்றுப் பல காலம் ஆயிற்று. உங்களுக்கு அறிவுரை சொல்ல வரவில்லை. எங்கள் ஊர்க்காரி ஒருத்தியைப் பற்றிச் சொல்கிறேன்.

லோவிஜா ஓடொனஹியூ. இரண்டு வயதில் தாயிடமிருந்து பிரித்துக் குவார்ன் என்ற இடத்திலிருந்த மிஷன் விடுதியில் வளர்த்தார்கள். பதினாறு வயதில் வீட்டு வேலைக்கு அனுப்பினார்கள். பிறகு விக்டர் ஹார்பரில் சிறிய வைத்தியசாலை ஒன்றில் உதவியாளர். தாதிப் பயிற்சியை முடிக்க ரோயல் அடிலெய்ட் வைத்தியசாலைக்கு விண்ணப்பித்தபோது, ஆலிஸ் ஸ்பிரிங்ஸ் போய் உன் ஆட்களுக்குத் தாதி வேலை செய் என்றார் அங்கிருந்த மேட்ரன். ஆலிஸ் ஸ்பிரிங்ஸை அவர் அதுவரை பார்த்ததும் இல்லை. அவர் விடவில்லை, பிரதமர் பிளேஃபோர்ட் வரை போனார் (மாநில முதல்வரைத்தான் இங்கே பிரீமியர் என்பார்கள், நான் பிரதமர் என்றே சொல்லிப் பழகிவிட்டேன்). 1954இல் சேர்த்தார்கள். அங்கேயே பல வருடம் இருந்து வார்டுப் பொறுப்புத் தாதி ஆனார்.

அதன்பிறகு 1960களின் தொடக்கத்தில் இந்தியாவுக்குப் போய் அஸ்ஸாமில் மிஷன் வைத்தியசாலையில் வேலை செய்தார். தாயிடமிருந்து பிரிக்கப்பட்ட பெண் அயல்நாட்டில் யாருடைய பிள்ளைகளுக்கோ ஊசி போட்டிருக்கிறாள் என்று நினைத்தால் எனக்கு இப்போதும் மனம் ஒரு மாதிரி ஆகிவிடும். தாயைத் திரும்பப் பார்த்தது முப்பது வருடங்களுக்கும் மேல் கழிந்த பிறகு. 1984இல் ஆண்டின் சிறந்த ஆஸ்திரேலியர். 1990இல் பூர்வகுடிகளுக்கான தேசிய ஆணையத்தின் முதல் தலைவி. 2024 பெப்ரவரியில் காலமானார்.

ஒன்று கவனியுங்கள். அந்த மேட்ரன் தீயவள் என்று நான் நினைக்கவில்லை. அவள் கையிலும் ஏதோ ஒரு தாள் இருந்திருக்கும்.

*

கணக்குப்பிள்ளை, மெல்பேர்ண்
புதன், இரவு 11.50

செம்மண், தராசு உடைந்தது என்றே வைத்துக்கொள்வோம். எட்டாம் பிரிவைப் படித்தேன், நீங்கள் சொன்னது சரிதான். ஆனால் தலைமைத் தாதி என்பவர் இரவு இரண்டு மணிக்கு "நான் பொறுப்பு" என்று சொல்லத் தெரிந்தவராக இருக்க வேண்டாமா? பொறுப்பு என்று வரும்போது "நாங்கள்" என்பது தப்பிக்கும் வழியும்தான். என் அலுவலகத்தில் ஒவ்வொரு தவறுக்கும் "நாங்கள்" தான் காரணம். இதற்கு மட்டும் பதில் சொல்லுங்கள், நான் ஒதுங்கிக்கொள்கிறேன்.

*

வடலி, சிட்னி மேற்கு
சனி, காலை 6.20

எல்லோருக்கும் நன்றி. முதலில் கணக்குப்பிள்ளைக்கு. உங்கள் கேள்வி நல்ல கேள்வி. அன்றிரவு நடந்ததற்கான பதிவேட்டை வெள்ளிக்கிழமை எடுத்துப் பார்த்தேன். நோயாளி வெளியேறாமல் காத்ததற்கும் ஊசி மறுபடி போடத் தாமதித்ததற்கும் பொறுப்பு என்று கையெழுத்திட்டிருப்பது ஒருவர் மட்டும்தான். அங்கே "நாங்கள்" இல்லை. பழி வரக்கூடிய இடத்தில் தன் பெயரை எழுதிவிட்டு, பெருமை வரும் இடத்தில் ஐந்து பேரைச் சொல்லியிருக்கிறார். உங்கள் அலுவலகத்தில் இது நேர்மாறாக நடக்கிறது போலும்.

வியாழன் பேச்சு அலுவலக அறையில் நடக்கவில்லை. அக்காதான் வெளியே போகலாம் என்றார். வாகனத் தரிப்பிடத்துக்குப் பின்னால் ஒரு யூக்கலிப்டஸ் மரத்தடியில் புகைபிடிப்பவர்களுக்கென்று ஒரு வாங்கு இருக்கிறது, அங்கே உட்கார்ந்தோம். நான் எழுதி வைத்திருந்த தாளை எடுக்கவில்லை. "இரண்டு போட்டவர்களில் நானும் ஒருத்தி. பிழையாகப் போட்டேன்" என்றேன்.

அக்கா உடனே ஒன்றும் சொல்லவில்லை. செம்மண் சொன்னதை நினைத்து நானும் வாயை மூடிக்கொண்டிருந்தேன். எனக்கு அது எவ்வளவு கடினம் என்று என் பிள்ளைகளைக் கேட்டால் சொல்வார்கள். இரண்டு அம்புலன்ஸ் வந்து போயின. பிறகு, "நீ இரண்டு போட்டிருப்பாய் என்று தெரியும். நீ தாளைப் பார்த்தே படிக்கிறவள்" என்றார். கோபமாகச் சொல்லவில்லை. கோபமாகச் சொல்லியிருந்தால் தாங்கியிருப்பேன்.

சின்னம்மா கதையைச் சொன்னேன். எங்கள் மொழியில் கேட்பவரையும் சேர்த்தால் "நாம்", சேர்க்காவிட்டால் "நாங்கள்" என்று இரண்டு உண்டு என்றும் சொன்னேன். பூர்வகுடி மொழிகள் பலவற்றிலும் அப்படி உண்டு என்று அக்கா கேள்விப்பட்டிருக்கிறாராம். பாட்டியின் மொழி அவருக்கு வந்து சேரவில்லை. பாட்டியை அதைப் பேசவே விடவில்லை. இப்போது டப்போவில் வகுப்பு நடக்கிறது, மருமகப்பிள்ளைகள் படிக்கிறார்கள், அவர்களிடமிருந்து தான் பொறுக்கிக்கொள்வதாகச் சொன்னார்.

மீண்டும் விண்ணப்பிப்பீர்களா என்று கேட்டேன். இங்கே இல்லை என்றார். பூர்வகுடிச் சமூகமே நடத்தும் மருத்துவ நிலையம் ஒன்றில் தாதியர் பொறுப்பாளர் இடம் காலியாக இருக்கிறது, அதற்குப் போட்டிருக்கிறாராம். 1971இல் ரெட்ஃபர்னில் தொடங்கிய மருத்துவ சேவையின் வழியில் வந்தவை அந்த நிலையங்கள். ரெட்ஃபர்னில் முப்பது வருடங்களுக்கும் மேலாகத் தலைமை நிர்வாகியாக இருந்தவர் நயோமி மேயர்ஸ் என்ற பெண். 1960களில் தி சஃபையர்ஸ் என்ற பாட்டுக் குழுவில் பாடியவராம் அவர். "அங்கே நேர்முகத்தில் ஊரிலிருந்தும் ஒரு கிழவி உட்கார்ந்திருப்பாள். நான் யார் பிள்ளை என்பதுதான் முதல் கேள்வி" என்றார் அக்கா. அந்தக் கேள்விக்கு எங்கள் ஊரிலும் தப்ப முடியாது என்றேன். அப்போதுதான் சிரித்தார்.

குழு விடயத்தை நான் எடுக்கவில்லை. மேலாளரிடம் செம்மண் எழுதியதைக் கிட்டத்தட்ட அப்படியே சொன்னேன்: மணி நேரம், மாற்று ஆள், எழுத்தில் உறுதி. "அவ்வளவு பெரிதாக ஏன் ஆக்குகிறீர்கள்?" என்றார். புள்ளித்தாளின் அந்த வரியை மாற்ற வேண்டும், "நாங்கள்" என்று சொல்பவரிடம் அதற்கு மேல் எப்படிக் கேட்பது என்று தேர்வுக் குழுவில் அமர்பவருக்குச் சொல்லித்தர வேண்டும் என்று மனிதவளப் பிரிவுக்கு ஒரு மின்னஞ்சல் அனுப்பியிருக்கிறேன். கிடைத்தது என்ற தானியங்கிப் பதில் வந்திருக்கிறது. "நம்பகத்தன்மை" என்று எழுதிய ஓரக் குறிப்பைப் பற்றியும் அதில் எழுதினேன். எழுதும்போது கை நடுங்கியது. எனக்கும் மேலாளர் அவர்தானே.

நேற்று அந்த மருத்துவ நிலையத்திலிருந்து எனக்குப் படிவம் வந்தது. அக்கா பரிந்துரைக்கு என் பெயரைக் கொடுத்திருக்கிறார். கேட்கவேயில்லை, கொடுத்துவிட்டார். ஐந்து கேள்வி. நோயாளியின் குடும்பத்தோடு இவர் எப்படிப் பழகுவார் என்பது இரண்டாவது. அன்றிரவு நடந்ததை எழுதத் தொடங்கினேன், கொடுத்த இடம் போதாமல் தனித்தாள் இணைத்திருக்கிறேன். கட்டில் தள்ளிய பையனையும் தரை துடைத்த பெண்ணையும் அதில் சேர்த்துத்தான் எழுதினேன்.

அவர் போய்விட்டால் என் வார்டின் இரவு முறைக்கு யாரைப் போடுவது என்று தெரியவில்லை. அது வேறு தலைவலி. இப்போது வேலைக்குக் கிளம்ப வேண்டும்.